கூட வேலை செய்பவர் வீடு போய்ச் சேராத இரவு

கேள்வி சுருக்கமாக இது. கெடுபிடியான ஆட்சி நடக்கும் ஒரு நாட்டில், கூட வேலை செய்யும் ஒருவர் திடீரென்று காணாமல் போகிறார். யார் கொண்டுபோயிருப்பார்கள் என்று காரியாலயத்தில் எல்லோருக்கும் உள்ளூரத் தெரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை. அப்போது சக ஊழியர்கள் வெளியில் பேசலாமா? பேசினால் அவருக்கே ஆபத்துக் கூடும் என்கிறார்களே, அது சரியா?

பேச வேண்டும். அன்றிரவே பேச வேண்டும். யார் பேசுவது, எதைச் சொல்வது, எதை விடுவது என்பதில் நிறையக் கவனம் தேவை, அதற்கெல்லாம் பின்னால் வருகிறேன். ஆனால் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்ற பேச்சுத்தான் நான் பார்த்த வரையில் கூடுதலாகக் கெடுதல் செய்தது. நானும் அதைச் சொன்னவன்.

2000களின் பிற்பாதியில் கொழும்பில் ஒரு பத்திரிகையில் இருந்தேன். வெள்ளை வான் காலம், ஆட்களை வெள்ளை வான்களில் ஏற்றிக் கடத்திக்கொண்டு போன காலம். இலக்கத் தகடு இல்லாத வான் ஒன்று தெருமுனையில் நின்றாலே கடைக்காரர் பாதிக் கதவை இழுத்து மூடிவிடுவார். எங்கள் அச்சுப் பகுதியில் ஒரு பையன் வேலை செய்தான். கொட்டாஞ்சேனையில் இன்னொருவரோடு சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருந்தான். பெயரைச் சொல்லவில்லை, அவனுடைய தாயார் இருக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்கு வரவில்லை. ஊருக்குப் போயிருப்பான் என்றார் மேற்பார்வையாளர். புதன்கிழமை, காய்ச்சலாக இருக்கும் என்றோம். வியாழக்கிழமை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்திலேயே எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை அவனுடைய அறைத் தோழர் வாசலில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். அந்தப் பையனுடையது. மேசையில் கிடந்ததாம்.

அந்தக் காலத்துக் கொழும்பில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரு தமிழ் இளைஞன் தேங்காய் வாங்க முடக்குக் கடைக்குப் போவதென்றாலும் அடையாள அட்டை இல்லாமல் வெளியே இறங்கமாட்டான். திங்கள் இரவு பதினொரு மணிக்கு நாலு பேர் வந்தார்களாம். ஒரு விசாரணை, அரை மணி நேரத்தில் விட்டுவிடுவோம் என்றார்களாம். காரியாலயத்துக்கு எப்படியும் தெரிந்திருக்கும் என்று அறைத் தோழர் நினைத்திருந்தார். அறைத் தோழருக்கு ஏதாவது தெரிந்தால் சொல்வார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதியவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்: "நாலு நாளாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" பதில் இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் காரியாலயத்தில் ஒரு வழக்கம் வந்தது. இரவுப் பணி முடிந்து போகிறவர் வீடு சேர்ந்ததும் ஒரு மிஸ்ட் கோல் கொடுக்க வேண்டும். தொலைபேசிக்குப் பக்கத்தில் டியூட்டி லிஸ்ட் கிடக்கும், இரவு ஆசிரியர் பெயருக்கு நேரே சரி போடுவார். ஒன்றரை மணி நேரத்துக்குள் சரி விழாவிட்டால் வீட்டுக்கு ஓர் அழைப்பு. வீட்டிலும் இல்லையென்றால் ஆசிரியரை எழுப்ப வேண்டும். ஒரு தடவை கைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோன ஒருவருக்காக நள்ளிரவில் மூன்று பேரை எழுப்பிவிட்டோம். மறுநாள் எல்லோரும் சிரித்தார்கள், அவருடைய மனைவியைத் தவிர.

அன்றிரவே பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கையில் நன்றாகப் பதிவான உதாரணம் கீத் நொயார். 'தி நேஷன்' என்ற ஆங்கில வார இதழின் துணை ஆசிரியர், பாதுகாப்பு விவகாரங்கள் பற்றி எழுதிவந்தவர். இராணுவத் தளபதியை விமர்சித்து எழுதிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. 2008 மே 22, வியாழக்கிழமை இரவு. தெஹிவளையில் வீட்டு வாசலில் கார் நின்றது, ஆளைக் காணவில்லை. பத்திரிகை நிறுவனத்தின் தலைமை நிர்வாகியும் ஆசிரியரும் விடியட்டும் என்று இருக்கவில்லை. தெரிந்த பெரிய இடத்துத் தொலைபேசி எண்ணையெல்லாம் அடித்தார்கள். அப்போது அமைச்சராக இருந்த கரு ஜயசூரிய வரைக்கும் செய்தி போனது. அவர் ஜனாதிபதியிடமே தொலைபேசியில் சொன்னார். மறுநாள் அதிகாலையில் நொயார் அடிபட்டு நொறுங்கிய உடம்போடு வீட்டருகில் இறக்கிவிடப்பட்டார். உயிர் இருந்தது.

பிற்பாடு குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கல்கிசை நீதவான் நீதிமன்றத்தில் இந்த வழக்கை விரித்து வைத்தது. தொம்பேயில் ஒரு வீட்டில் அடைத்து வைத்திருந்தார்கள் என்றது. 2017இல் இராணுவப் புலனாய்வைச் சேர்ந்தவர்கள் கைதானார்கள். 2018 ஆகஸ்டில், அதற்குள் பதவி இழந்திருந்த அந்த ஜனாதிபதியின் வீட்டுக்கே போய் வாக்குமூலம் வாங்கினார்கள். கேட்கப்பட்டது பெரும்பாலும் அந்த இரவின் தொலைபேசி அழைப்பைப் பற்றித்தான். பத்து வருடம் கழித்தும் விசாரணையின் முடிச்சு அந்த ஓர் அழைப்பில்தான் இருந்தது.

ஏன் அது வேலை செய்தது? ஆளைத் தூக்கிப் போனவனுக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கு மேலே இன்னொருவர். இந்த ஏணி முழுவதும் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் வசதியின் மேல்தான் நிற்கிறது. முதல் சில மணி நேரத்தில் ஆள் இன்னும் ஒரு பிடியில்தான் இருப்பார், வேறு இடத்துக்குக் கைமாறியிருக்கமாட்டார், என்ன செய்வதென்று முடிவாகியிருக்காது. அப்போது மேல் படியில் இருப்பவரின் பெயரைச் சொல்லி, நேரத்தைச் சொல்லி, 'உங்களுக்குத் தெரியப்படுத்தியிருக்கிறோம்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த வசதி போய்விடுகிறது. நான்கு நாள் கழித்து அதே வார்த்தையைச் சொன்னால் அதற்குப் பாதிப் பலம்கூடக் கிடையாது.

சரி, இந்தக் கதைக்கு மறுபக்கம் உண்டு, அதை மறைத்துவிட்டு யாரையும் பேசச் சொல்வது அயோக்கியத்தனம். நொயார் கடத்தலைக் கண்டித்து ஆர்ப்பாட்டம் செய்தவர்களில் போத்தல ஜயந்த, சனத் பாலசூரிய என்று இரண்டு பேர். இருவரும் பத்திரிகையாளர் சங்கத் தலைவர்கள், அரசாங்கத்தின் கையிலிருந்த பத்திரிகை நிறுவனத்தில் வேலை செய்தவர்கள். மே 26ஆம் திகதி பாதுகாப்பு அமைச்சுக்கு அழைக்கப்பட்டு மிரட்டப்பட்டதாக அவர்களே சொன்னார்கள். ஒரு வருடம் கழித்து, 2009 ஜூன் 1, போத்தல ஜயந்தவே வான் ஒன்றில் ஏற்றிக் கடத்தப்பட்டார். காலை உடைத்தார்கள், தாடியையும் தலைமயிரையும் வெட்டினார்கள், தெருவோரத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவர் நாட்டில் இருக்கவில்லை.

ஆகவே, பேசினால் ஆபத்து என்பது உண்மை. அந்த ஆபத்து யாருக்கு என்பதைத்தான் மாற்றிச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது பேசுகிறவருக்கு வருவது. உள்ளே இருப்பவருக்கு நாம் வாய் மூடியிருப்பதால் பாதுகாப்புக் கூடியதாக நான் அறிந்த ஒரு சம்பவமும் இல்லை. 'உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்' என்று வருகிறவர்களில் நல்லவர்களும் உண்டு: பயந்த மேலதிகாரி, அமைச்சில் ஆள் இருக்கிறது என்று சொல்லும் மாமா. காசு பறிக்க வருகிறவர்களும் உண்டு. இன்ன முகாமில் பார்த்தேன், ஒன்றரை லட்சம் தந்தால் வெளியே எடுக்கலாம், யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்று தொலைபேசியில் ஒரு குரல் வரும். யாரிடமும் சொல்லாதே என்பது எல்லோருடைய பேச்சிலும் பொதுவாக இருக்கும். சக ஊழியர் ஒருவர் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தாலே இந்த அழைப்புகளில் பாதி அடங்கிவிடும்.

போத்தல ஜயந்தவுக்கு நடந்ததிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: ஒரே ஒருவரைக் குரலாக ஆக்கிவிடாதீர்கள். காரியாலயத்தில் துணிச்சல்காரர் ஒருவர் இருப்பார், எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள். அது அவரைப் பலி கொடுப்பது. நிறுவனத்தின் கடிதத்தாளில் போகட்டும், நாற்பது பேர் கையெழுத்துப் போடட்டும், பெயர்கள் அகர வரிசையில் இருக்கட்டும். இன்று ஒருவர் ஊடகங்களிடம் பேசினால் நாளை இன்னொருவர். அரசாங்க வேலையில் இருப்பவர், கைக்குழந்தை உள்ளவர், ஏற்கெனவே ஒரு தடவை விசாரணைக்குப் போனவர் கையெழுத்துப் போடவில்லை என்றால் கோபிக்க வேண்டாம். அவருக்கும் வேலை இருக்கிறது. பின்னேரம் அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரலாம்.

பொறுத்துப் பார்த்தவர்களின் கதையும் ஒன்று சொல்ல வேண்டும், வேறு நாட்டிலிருந்து. சீனாவின் சின்ஜியாங் பல்கலைக்கழகத்தில் ராஹிலே தாவுத் என்ற உய்குர் இனப் பேராசிரியர். கிராமங்களில் உள்ள உய்குர் ஞானியரின் அடக்கத்தலங்களையும் அங்கே நடக்கும் வழிபாட்டையும் வாழ்நாள் முழுக்க நடந்து நடந்து பதிவு செய்தவர். 2017 டிசம்பரில் உரும்சியிலிருந்து பீஜிங்குக்குப் போகப் போவதாக உறவினர் ஒருவரிடம் சொன்னார். அதற்குப் பிறகு தொடர்பில்லை. மகள் அமெரிக்காவில். அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தவர்கள் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில். பேசினால் அவருக்குப் பாதிப்பு வருமோ என்று அவர்களும் பயந்தார்கள். 2018 ஆகஸ்டில்தான் வெளியே பேசினார்கள். அந்த வருடம் டிசம்பரில் இரகசியமாக விசாரணை நடந்திருக்கிறது. ஆயுள் தண்டனை என்பது உலகத்துக்குத் தெரிந்தது 2023 செப்டம்பரில். முதல் வாரமே பேசியிருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று சொல்ல நான் தயாரில்லை. அந்த அரசாங்கம் அப்படி இலேசில் அசைவதில்லை. ஆனால் அந்த எட்டு மாத அமைதிக்குப் பதிலாக அவருக்கு ஒரு சலுகையும் கிடைக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். பிறகு அவருடைய சகாக்கள் செய்த காரியங்களில் எனக்குப் பிடித்தது, அவரைத் தொடர்ந்து பேராசிரியராகவே நடத்தியது. 2020இல் ஒரு விருது, ஒரு கௌரவப் பேராசிரியர் பதவி, கட்டுரைகளில் அவருடைய ஆய்வை விடாமல் மேற்கோள் காட்டுவது. கைதி என்பதோடு அவர் முடிந்துபோகவில்லை.

அங்கே இன்னொரு கவனமும் தேவைப்பட்டது. சின்ஜியாங்கில் உள்ளே இருக்கும் சக ஆசிரியர்கள் வாய் திறக்க முடியாது. வெளியே இருப்பவர்கள் பேசும்போது அவர்களுடைய பெயரோ, 'அங்கிருந்து ஒருவர் சொன்னார்' என்று ஆளை ஊகிக்கவைக்கும் அடையாளமோ வரக்கூடாது. தூரத்தில் இருப்பவருக்குத் துணிச்சல் மலிவு. அதை அவர் தன் செலவில்தான் காட்ட வேண்டும்.

இனி, என்ன சொல்வது. சக ஊழியர்கள் விடும் முதல் அறிக்கை அநேகமாகப் புகழ்மாலையாகவோ வசைமாலையாகவோ போய்விடும். இரண்டும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"எங்களோடு ஒன்பது வருடமாகப் பணியாற்றும் இன்னார், நேற்று 14ஆம் திகதி இரவு 8.40க்குக் காரியாலயத்திலிருந்து புறப்பட்டார். வீடு போய்ச் சேரவில்லை. 9.15இலிருந்து அவருடைய கைபேசி இயங்கவில்லை. அவர் நீரிழிவு நோயாளி, தினமும் இன்சுலின் போட வேண்டும். இன்று காலை பொலிஸில் முறைப்பாடு செய்திருக்கிறோம். அவரை எந்த அதிகாரியாவது தடுத்து வைத்திருந்தால், எங்கே என்பதைக் குடும்பத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும், சட்டத்தரணியைப் பார்க்க விட வேண்டும், நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும்."

மருந்து விஷயம் இரக்கத்துக்காகச் சேர்த்ததில்லை. அதை வாசித்த பிறகு, உள்ளே ஆள் செத்துப்போனால் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. யார் செய்தார்கள் என்ற ஊகம் இதில் இல்லை, கவனியுங்கள். ஆதாரமில்லாத ஒரு பெயரைச் சொன்னால், அவர்கள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள். அவர் யாரையெல்லாம் சந்தித்தார், எதை எழுதிக்கொண்டிருந்தார் என்பதும் வேண்டாம். உள்ளே அவரிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு நீங்களே விடைத்தாள் எழுதிக் கொடுப்பதாகிவிடும்.

முக்கியமாக, "அவர் அப்பாவி, அரசியலில் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்" என்று எழுதாதீர்கள். அன்பினால் எழுதுகிற வரிதான். ஆனால் சம்பந்தம் உள்ளவரைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது. ஏதோ ஒரு கூட்டத்தில் எடுத்த பழைய படம் ஒன்று நாளை வெளியே வந்தால் உங்கள் அறிக்கை பொய்யாகிவிடும், அவரும் பொய்யராகிவிடுவார். குற்றம் செய்திருந்தால் வழக்குப் போடட்டும், ஆளைக் காட்டட்டும். அதற்கு மேல் நாம் சான்றிதழ் கொடுக்கத் தேவையில்லை.

அறிக்கைக்கு முன்பே இரண்டு மூன்று சில்லறை வேலைகள் உண்டு, இவைதான் பின்னாளில் நீதிமன்றத்தில் நிற்பவை. அன்று அவரைப் பார்த்த ஒவ்வொருவரும், எப்போது, எங்கே, என்ன சட்டை என்று அன்றிரவே தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாள் எல்லோரும் கூடிப் பேசிய பிறகு எழுதினால், எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள், அதில் யாருக்கும் சொந்த ஞாபகம் இருக்காது. தெருவில் உள்ள கடைகளின் கண்காணிப்புக் கமராப் பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும், உடனே போய்க் கேட்க வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கத்தையும் எழுதிய அதிகாரியின் பெயரையும் வாங்காமல் வெளியே வரக்கூடாது. முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் மறுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம், ஐக்கிய நாடுகள் சபையின் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய செயற்குழு என்று அடுத்த கதவுகள் உண்டு. அந்தச் செயற்குழு 1980இலிருந்து இயங்குகிறது, மூன்று மாதத்துக்குள் நடந்த சம்பவமென்றால் அவசர நடைமுறையில் எடுத்துக்கொண்டு அந்த அரசாங்கத்திடம் கேட்கும். குடும்பத்தின் சம்மதத்தோடு வேறு அமைப்புகளும் அதற்கு எழுதலாம்.

இதெல்லாம் நடக்கும்போதே வதந்தி வரும். பெண் விவகாரம், கடன் தொல்லை, வெளிநாடு போக நாடகம் என்று ஏதாவது ஒன்று. பிரகீத் எக்னெலிகொட வழக்கில் இது எங்கே வரைக்கும் போனது என்று பாருங்கள். 'லங்கா ஈநியூஸ்' இணையத்தளத்தில் எழுதியவர், கேலிச்சித்திரமும் வரைவார். 2010 ஜனவரி 24, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, இரவு ராஜகிரியக் காரியாலயத்திலிருந்து புறப்பட்டார். வீடு வரவில்லை. முந்தைய வருடம் ஆகஸ்டிலும் ஒரு தடவை கடத்தி மறுநாள் விட்டிருந்தார்கள். மனைவி சந்தியா முறைப்பாடு செய்யப் போனபோது பொலிஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2011 நவம்பரில் ஜெனீவாவில், ஐநா சித்திரவதைக்கு எதிரான குழுவின் முன்னால், இலங்கை சார்பில் போன முன்னாள் சட்டமா அதிபர், அதாவது அரசாங்கத்தின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்தவர், எழுந்து, எக்னெலிகொட வெளிநாடு ஒன்றில் இருக்கிறார் என்று சொன்னார். சந்தியா விடவில்லை. ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்டுத் தான் போட்டிருந்த ஆட்கொணர்வு வழக்கில் அந்த முன்னாள் சட்டமா அதிபரைச் சாட்சியாகக் கூப்பிட வைத்தார். 2012 ஜூனில் ஹோமாகம நீதிமன்றத்தில் கேட்டபோது, யார் சொன்னதென்று ஞாபகமில்லை என்றார். எக்னெலிகொட எங்கே இருக்கிறார் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்றார்.

ஆட்கொணர்வு மனுவால் ஆள் வருவதில்லையே என்று பலர் சலித்துக்கொள்வார்கள். உண்மைதான், வருடக்கணக்கில் இழுபடும். ஆனால் ஜெனீவாவில் சொன்ன பொய்யைத் திருப்பி விழுங்க வைத்தது அந்த மனுதான். வதந்திக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் சக ஊழியர்கள். மனைவி சொன்னால் மனைவிதானே என்பார்கள். அன்று மாலை அடுத்த நாள் பக்கத்துக்குப் பாதிக் கட்டுரை எழுதி வைத்துவிட்டுப் போனார், மேசை லாச்சியில் பாஸ்போர்ட் கிடக்கிறது, மறுவாரம் லீவு கேட்டிருந்தார் என்று நாம் சொன்னால் அதைத் தட்டிவிட முடியாது.

இனிச் சொல்லப்போவது எனக்கே கசப்பான விஷயம். எல்லோருடைய சத்தமும் ஒரே தூரம் போவதில்லை. நொயார் கொழும்பில் ஆங்கிலப் பத்திரிகையின் துணை ஆசிரியர். ஓர் அமைச்சருக்கு நேரே தொலைபேசி எடுக்கக்கூடிய சகாக்கள் இருந்தார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பு, 2007 பெப்ரவரி 15இல், யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து யாழ். தினக்குரல், வலம்புரி பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பிவந்த சுப்பிரமணியம் இராமச்சந்திரன் காணாமல் ஆக்கப்பட்டார். இன்று வரை திரும்பவில்லை. 2006 டிசம்பர் 15இல் கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத், கொழும்பில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் ஒரு விஞ்ஞான மாநாட்டுக்குப் போனார். நாட்டின் விஞ்ஞானிகள் எல்லாம் கூடியிருந்த இடம். அங்கிருந்து வெளியே வந்தவர் வீடு சேரவில்லை. துணைவேந்தர் என்ற பதவிகூட அவருக்கு உதவவில்லை. தமிழர், அந்த வருடம், அந்த ஊர். தங்கள் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு, போகாதென்றால் போகக்கூடிய ஒரு குரலை அன்றிரவே தேடிப் பிடிப்பதும் சக ஊழியர்களின் வேலை. எங்கள் அச்சுப் பகுதிப் பையனுக்காக நாங்கள் எழுப்பியிருக்க வேண்டிய ஒருவரின் எண் எங்கள் ஆசிரியரிடம் இருந்தது. ஒரு மெஷின் பையனுக்காக அவரைத் தொந்தரவு செய்வதா என்று அவர் யோசித்தார். நான் வற்புறுத்தவில்லை.

வார்த்தையைப் பற்றியும் ஒன்று. அந்தக் காலத்தில் வடக்கிலிருந்து வரும் செய்திகளைத் திருத்துவது என் வேலை. 'கடத்தப்பட்டார்' என்று நிருபர் எழுதியிருப்பார். நான் அதை வெட்டி 'காணாமல் போயுள்ளார்' என்று போடுவேன். ஏழாம் பக்கத்தில் நாலு வரி. ஆதாரம் இல்லை என்பது என் நியாயம். ஆனால் குடை காணாமல் போகலாம், ஆடு காணாமல் போகலாம். வீட்டுக்குள்ளிருந்து நாலு பேர் கூட்டிக்கொண்டு போனவன் எப்படிக் காணாமல் போவான்? இந்தக் கேள்வியைப் பத்திரிகையாளர்கள் கேட்கவில்லை, தாய்மார் கேட்டார்கள். 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்ற சொல்லை அவர்கள்தான் பிடிவாதமாகச் சொல்லிச் சொல்லி நிலைநிறுத்தினார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்னால் உட்கார்ந்தவர்களின் பதாகையில் அதுதான் இருந்தது. இவர்களைத் தேடவென்று அரசாங்கம் திறந்த அலுவலகத்தின் பெயரிலோ இன்னும் 'காணாமல் போன'தான். உங்கள் அறிக்கையில் எந்த வினைச்சொல்லைப் போடுகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். ஆதாரம் இருக்கும் வரைக்கும் போய், அங்கே நிறுத்துங்கள். 'நாலு பேர் வந்து கூட்டிச் சென்றார்கள், திரும்பவில்லை' என்பது பொய்யும் இல்லை, பூச்சும் இல்லை.

குடும்பம் பேச வேண்டாம் என்றால்? இது அடிக்கடி வரும் சிக்கல். பொலிஸ் முறைப்பாடு, ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கம் இவற்றுக்கு உடனே போவோம், பத்திரிகைக்கு நாளை மாலை வரை போகமாட்டோம் என்று ஒரு நேரம் குறித்துக்கொள்ளச் சொல்வேன். நேரம் குறிக்காத பொறுமைதான் நாலு நாளாக, நாலு மாதமாக நீளும். அந்த நேரம் வந்ததும் மறுபடி அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். அவர்களுடைய பிள்ளை, கடைசி வார்த்தை அவர்களுடையது. ஆனால் பயத்தில் சொல்லும் முதல் வார்த்தையைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், வருடங்கள். சந்தியா எக்னெலிகொட 2022 ஜனவரியில், கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆனபோது, முகத்துவாரம் காளி கோவிலில் மொட்டை அடித்துக்கொண்டார். நீதிமன்றத்தில் கேட்டுச் சலித்துக் காளியிடம் கேட்கப் போனார். 1990இல் ரிச்சர்ட் டி சொய்சா என்ற பத்திரிகையாளரை வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொன்றார்கள், உடல் மொரட்டுவைக் கடற்கரையில் ஒதுங்கியது. அவருடைய தாய், டாக்டர் மனோரணி சரவணமுத்து, மகனின் உடலாவது கிடைத்ததால் தான் அதிர்ஷ்டசாலி என்று சொன்னார். உடல் கிடைக்காதவர்களுக்குச் சம்பளமும் கிடைப்பதில்லை என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஆள் வேலைக்கு வரவில்லை, ஆகவே சம்பளம் இல்லை. இறப்புச் சான்றிதழ் இல்லை, ஆகவே சேமலாப நிதியும் இல்லை. சான்றிதழ் எடுத்தால் செத்துவிட்டான் என்று தாயே கையெழுத்துப் போடுவதாகும். சாவு என்று சொல்லாமல் ஆள் இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளும் ஒரு சான்றிதழ் இலங்கையில் 2016இல்தான் சட்டமானது.

அந்தப் பையனின் தாயாருக்கு நாங்கள் மாதம் ஓர் உறை அனுப்பினோம். அச்சுப் பகுதி, ஆசிரியர் பகுதி, விளம்பரப் பகுதி என்று முதல் மாதம் முப்பத்தொரு பேர் போட்டார்கள். உறையின் மேல் பெயர் எழுதுவதில்லை, தொகை மட்டும் பென்சிலால். ஆறாம் மாதம் பன்னிரண்டு பேர். பதினான்காம் மாதம் மூன்று பேர், அதில் ஒருவர் வேறு பத்திரிகைக்குப் போய்விட்ட பிறகும் வந்து கொடுத்துவிட்டுப் போவார். தாயார் ஒவ்வொரு தடவையும் உறையைப் பிரிக்காமல் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "அன்றைக்கு அவன் வராதபோது நீங்கள் தேடினீர்களா, தம்பி?"